வார்த்தை வாய்க்கு வரணுமா? நோட்டை மூடுங்க!

உங்க மகளோ, மருமகளோ நர்ஸிங் முடித்துவிட்டு ஜெர்மனிக்குப் போகத் தயாராகிறாரா? அப்படியானால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். நோட்டு நிறைய ஜெர்மன் வார்த்தைகள். நடு ராத்திரி வரை உருப்போடுவது. காலையில் கேட்டால், ‘நேத்து நல்லா தெரிஞ்சுதே!’ என்று விழிப்பது.

கவலை வேண்டாம், மறதி எல்லோருக்கும் பொது. ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியல் அறிஞர் தன்னையே சோதித்துப் பார்த்து, 1885-ல் இதை எழுதினார். படித்தது முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நழுவுகிறது. அப்புறம் அந்த வேகம் குறைகிறது.

அப்போ, திரும்பத் திரும்பப் படித்தால் போதுமா? போதாது! 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாணவர்களுக்கு 40 சுவாஹிலி வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். பார்க்காமல் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து சுமார் 80 சதவிகிதம் ஞாபகம் இருந்தது. ஒரு தடவை சரியாகச் சொன்னதும், சொல்லிப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படிக்க மட்டும் செய்தவர்களுக்கோ, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்!

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

● சின்னச் சின்ன அட்டைகளில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜெர்மன். தமிழைப் பார்த்து ஜெர்மனைச் சொல்ல வேண்டும். தினம் பத்து புது வார்த்தை போதும்.

● ஐந்து அறை உள்ள ஒரு பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு. தப்பினால் மறுபடி முதல் அறைக்கு. முதல் அறையை தினமும், கடைசி அறையை எப்போதாவது பார்த்தால் போதும். செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் பிரபலமாக்கிய முறை இது.

● வார்த்தைகளைக் குடும்பமாகப் பிடியுங்கள். ‘ஷ்மெர்ட்ஸன்’ என்றால் வலி. தலைவலி ‘கோப்ஃப்ஷ்மெர்ட்ஸன்’, முதுகுவலி ‘ரூக்கன்ஷ்மெர்ட்ஸன்’. ஒன்றைப் பிடித்தால் கூடவே நாலு வரும்!

● தனி வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். ‘ஷ்லெஷ்ட்’ என்றால் மோசம். ஆனால், நோயாளி ‘மியர் இஸ்ட் ஷ்லெஷ்ட்’ என்றால், ‘எனக்குக் குமட்டுது’ என்று அர்த்தம். அகராதி அர்த்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு நர்ஸ் யோசித்து நின்றால், அதற்குள் அவர் வாந்தியே எடுத்துவிடுவார்! அதனால் அட்டையில் முழு வாக்கியமும் இருக்கட்டும்.

● தூக்கத்தைக் கெடுத்துப் படிக்க வேண்டாம். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதில் தூக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெற, பொதுவாக பி-2 நிலை வரை மொழித் தேர்ச்சி கேட்கிறார்கள். பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. வலியில் இருப்பவர் முன்னால் வார்த்தை உடனே வர வேண்டும்.

‘எனக்கு ஜெர்மன் தெரியாதே, நான் எப்படி உதவுறது?’ என்கிறீர்களா? தெரியவே வேண்டாம். காய் நறுக்கிக்கொண்டே அட்டையின் தமிழ்ப் பக்கத்தைப் படித்து, ‘இதுக்கு என்னம்மா?’ என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காமல், பத்து விநாடி பொறுங்கள். யோசித்துத் தானாகச் சொல்லும் வார்த்தைதான் கடைசி வரை கூட வரும்!