“வண்டியைப் பிடித்த கூலியையும் நீயே கட்டு!” – தவணைக்காரர் தலையில் விழும் ‘சீசிங்’ பில்

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இருந்து தக்காளிக் கூடைகளுடன் மேலூர் ரோட்டில் போய்க் கொண்டிருக்கும் ‘குட்டி யானை’. திடீர் என்று இரண்டு மோட்டார் சைக்கிள்கள் குறுக்கே வந்து நிற்கும்.

“சாவியக் கொடு!”

“யாருண்ணே நீங்க?”

“மூணு தவணை பாக்கி. பேச்சு வேண்டாம், இறங்கு!”

ஐந்தே நிமிடம். தக்காளி ரோட்டோரம் கிடக்கும். வண்டி யார்டுக்குப் போய்விடும். 2004-ல் திறக்கப்பட்ட ஐகோர்ட்டு மதுரை கிளை கம்பீரமாக நிற்பதும் இதே மேலூர் ரோட்டில்தான்!

திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், தவணையில் வண்டி எடுத்தவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. ஆனால் வண்டி போனதைவிடப் பெரிய அதிர்ச்சி, நகையை அடகு வைத்துப் பணத்தைப் புரட்டிக் கொண்டு பைனான்ஸ் ஆபீசுக்குப் போகும்போதுதான் காத்திருக்கும்.

பாக்கி ரூ.27 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் இருக்கும். ‘சீசிங் சார்ஜ்’, ‘யார்டு வாடகை’, ‘ஏஜென்சி கமிஷன்’.

“ஏன் சார், என் வண்டியப் புடிச்சவனுக்கு நானே கூலி கொடுக்கணுமா?”

“அக்ரிமெண்டுல கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்ல?” என்று தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்வார் குமாஸ்தா.

குமாஸ்தா சொல்வது சரியா?

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஈடு வைத்து வாங்கிய கடனை வசூலிக்க 2002-ல் மத்திய அரசு ‘சர்பாசி’ சட்டம் கொண்டு வந்தது. அதன் 13(7) பிரிவு, வசூல் செலவைக் கடன் வாங்கியவரிடம் இருந்தே பெறலாம் என்கிறது. ஈட்டுப் பொருளை விற்று வரும் பணத்தில் முதலில் செலவு, அடுத்து கடன் பாக்கி. மிச்சம் இருந்தால்தான் உரியவர் கைக்கு வரும். ஆனால் அது “முறையாகச் செய்த செலவு” ஆக இருக்க வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது. தவிர, எல்லா பைனான்சுக்கும் அந்தச் சட்டம் கை கொடுக்காது.

இதைவிட முக்கியமான ஒரு காகிதம் இருக்கிறது. கடன் தரும்போதே வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில், வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2024 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அந்தத் தாளின் பெயர் ‘கீ பேக்ட் ஸ்டேட்மெண்ட்’. 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் தனிநபர் கடன், சிறு தொழில் கடன்களுக்கு இது கட்டாயம். அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும், கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிற்பாடு வசூலிக்கக் கூடாது.

சம்மதம் என்றால் என்ன? கையெழுத்துதான்! வண்டி கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில், கவுண்டரில் நீட்டுகிற தாளில் எல்லாம் கண்ணை மூடிக் கொண்டு கையெழுத்துப் போட்டால், பிறகு கோர்ட்டில் நின்று “எனக்குத் தெரியாது சார்” என்று சொல்வது கஷ்டம்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்

கூலிக்கு ஆள் வைத்து அடிப்பதைப் பற்றி 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டமே பேசுகிறது. ஒருவரை அடிக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறான் ஒருவன். “எது வந்தாலும் நான் பார்த்துக்கறேன்” என்று வாக்கும் கொடுக்கிறான். அடித்தவன் நஷ்டஈடு கட்ட நேர்ந்தால், அந்தப் பணத்தை அனுப்பியவனிடம் கேட்க முடியாது. இது 224-வது பிரிவில் உள்ள உதாரணம். குற்றக் காரியத்துக்கு ஆன செலவை ஏவிவிட்டவனிடமே கேட்க முடியாது என்றால், அடி வாங்கியவனின் பில்லில் அதை எப்படி எழுதுவது?

சுப்ரீம் கோர்ட்டு காட்டம்

அடியாட்களை வைத்துக் கடன் வசூலிக்கக் கூடாது, சட்டப்படிதான் போக வேண்டும் என்று ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கி சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2007-ல் சொன்னது. அடுத்த ஆண்டே அதே பாங்கி மீது இன்னொரு வழக்கு. டெல்லியில் ஏஜெண்டுகள் மோட்டார் சைக்கிளைப் பறித்துச் சென்ற அவமானத்தில் ஒரு வாலிபர் தற்கொலை செய்து கொண்டார் என்பது புகார். பாங்கியின் அப்பீல் தள்ளுபடி ஆனது.

2022 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக்கில் நடந்தது இன்னும் கொடுமை. தவணை பாக்கிக்காக டிராக்டரை எடுக்க வந்தபோது, விவசாயியின் கர்ப்பிணி மகள் சக்கரத்தில் சிக்கி இறந்தார். வெளி ஏஜெண்டுகள் மூலம் வசூல் செய்ய மகிந்திரா பைனான்சுக்கு ரிசர்வ் பாங்கி உடனே தடை போட்டது. 2023 ஜனவரியில் தடை விலக்கப்பட்டது.

2023 மே மாதம் பாட்னா ஐகோர்ட்டு, ஆள் வைத்து வண்டியைப் பறிப்பது சட்ட விரோதம் என்று தீர்ப்பு சொல்லி, தவறு செய்த ஒவ்வொரு பாங்கிக்கும் ரூ.50 ஆயிரம் விதித்தது.

பைனான்சியர் பக்கமும் ஒரு தீர்ப்பு உண்டு. ஒப்பந்தத்தில் இடம் இருந்தால், தவணை கட்டாதவரின் வண்டியை எடுத்துக் கொள்ளலாம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அங்கேயும் பலாத்காரம் கூடாது என்பதுதான் நிபந்தனை.

என்ன செய்யலாம்?

வருகிற ஏஜெண்டிடம் அடையாள அட்டையும், பாங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் போட்டு நச்சரிக்கக் கூடாது என்பது 2022-ல் வந்த உத்தரவு. மிரட்டி வசூலிப்பவர்களைத் தண்டிக்க தமிழக சட்டசபையும் 2025-ல் தனிச் சட்டம் நிறைவேற்றியது. ஆனாலும் ஸ்டேஷன் படி ஏறினால், “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்ற பதில் வந்தால் ஆச்சரியம் இல்லை.

பணம் கட்டும்போது ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனித்தனி ரசீது கேட்கலாம். ஏஜென்சிக்குக் கொடுத்ததாகச் சொல்லும் தொகைக்கு பில் எங்கே என்றும் கேட்கலாம். முதலில் பைனான்ஸ் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் பாங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க போன் நம்பர் 14448. நஷ்டஈடு வேண்டும் என்றால் நுகர்வோர் கோர்ட்டும் இருக்கிறது.

அந்த 30 நாளும் வண்டி யார்டில் வெயிலில்தான் நிற்கும். நாள் வாடகையும் பில்லில் ஏறிக் கொண்டே இருக்கும்.