கோதுமைப் பயிருக்கு முதற் பாய்ச்சல்

பஞ்சாப் முதலிய வட பிரதேசங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விதைக்கப்படும் கோதுமை, மூன்றாவது வாரத்தில் மேல்மண் உலர்ந்து வெளுத்திருந்தாலும் வாட்டமின்றிப் பசுமையாகவே நிற்கும். இதைக் கண்டு, பாய்ச்சலுக்கு அவசரமில்லையென்று தம் முறைத் தண்ணீரை வேறு பயிருக்குத் திருப்பிவிடும் குடியானவர், மகசூலில் ஒரு பங்கை அப்போதே இழந்துவிடுகிறார்.

கோதுமைக்கு வேர்கள் இருவகைப்படும். விதையினின்று புறப்படும் சில வேர்கள் ஆழ்ந்து சென்று, விதைப்புக்கு முன் பாய்ச்சிய தண்ணீரின் ஈரத்தை உறிஞ்சி இளம் பயிரைக் காக்கின்றன. பசுமைக்குக் காரணம் இவையே. மற்றவை அடிக்கணுக்களினின்று தோன்றித் தூர்களைப் போஷித்துப் பயிரைச் சாயாமல் தாங்குபவை. விதை சற்று ஆழமாய் விழுந்தாலும் இக்கணுக்கள் நிலமட்டத்திற்குச் சுமார் 1 அங்குலம் கீழேதான் அமைகின்றன. வெயிலும் காற்றும் முதலில் உலர்த்துவதும் அந்த அங்குலத்தையேயாம். விதைத்த 20 முதல் 25 நாட்களுக்குள் கிளம்பவேண்டிய இவ்வேர்கள் வறண்ட மண்ணில் இறங்கமாட்டா.

வேரூன்றாத தூர்கள் மடிகின்றன. கதிர்களின் எண்ணிக்கை குறைகிறது. பிற்பாடு தாராளமாய்ப் பாய்ச்சினால் உள்ள கதிர்களில் மணிகள் சற்று மிகுமேயன்றி நஷ்டம் முழுதும் ஈடாகாது. காலந்தாழ்ந்து வெடிக்கும் தூர்களோ ஒருங்கே முற்றுவதில்லை. தண்ணீரும் வீணாகிறது: பயிர் நிலத்தை மூடாமையால் ஒரு பகுதி ஆவியாகும், வேர் பரவாமையால் மற்றொரு பகுதி எட்டாத ஆழத்திற்குக் கசிந்துவிடும். குழாய்க் கிணறுகளால் நிலத்தடி நீர்மட்டம் இறங்கிவரும் பஞ்சாபில் இது அற்ப விஷயமன்று.

1966-ல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை இந்தியாவுக்கு வந்தபின் இப்பருவத்தின் முக்கியம் நன்கு புலப்பட்டது. குட்டை வகைகளின் முளைக்குருத்து நீளம் குறைந்ததாதலால், அவற்றைச் சுமார் 2 அங்குலத்துக்கு மேல் ஆழமாய் விதைத்தலாகாது. மேல்மண் ஈரத்தையே அவை பெரிதும் நம்பியுள்ளன.

ஆகவே ஒரே பாய்ச்சலுக்குத்தான் தண்ணீர் உண்டெனில், அதை இப்பருவத்திற்கே ஒதுக்கவேண்டும். 2 அல்லது 2½ அங்குலம் போதும். களிமண்ணில் நீர் தேங்கினால் பயிர் மஞ்சளித்துப்போம். இலையைப் பாராமல் 2 அங்குல ஆழத்து மண்ணைக் கையிலெடுத்து அழுத்திப் பார்ப்பது நலம். உருண்டையாய் நில்லாமல் உதிர்ந்தால் பாய்ச்சலாம். வாய்க்கால் முறை முன்னரே நிர்ணயிக்கப்பட்ட கிராமங்களில், மூன்றாவது வாரத்தில் முறை வரும்படி விதைப்பு நாளைக் குறித்துக்கொள்ளும்பொருட்டு, கிராம அதிகாரிகள் முறைப்பட்டியை விதைப்புக்கு முன்பே குடிகளுக்கு அறிவித்தல் வேண்டும்.