“சில” என்றால் எத்தனை?

“கணக்கு வருகிறது, இங்கிலீஷையும் சமாளித்து விடுகிறேன். இந்த ‘ரீசனிங்’தான் காலை வாரி விடுகிறது!” வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் பலர் இப்படிச் சலித்துக் கொள்வதுண்டு. கேள்வியில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. எல்லாம், சில, எதுவுமில்லை என்ற அளவுச் சொற்களை வீட்டுப் பேச்சில் கொள்கிற பொருளிலேயே தேர்விலும் கொண்டு விடுகிறோம். ஒரு தவறான விடைக்குக் கால் மார்க் பறிபோகிறது. ஆகவே, நாலே நாலு விஷயங்களை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள்.

எல்லாம்: நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதி. “நாஞ்சில் நாட்டு ஊர்கள் எல்லாம் கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள்” என்பது சரி. அதைத் திருப்பிப் போட்டு, “மாவட்டத்து ஊர்கள் எல்லாம் நாஞ்சில் நாடு” என்றால் விளவங்கோட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்! “மாவட்டத்து ஊர்களில் சில நாஞ்சில் நாட்டு ஊர்கள்” என்று மட்டுமே திருப்பலாம்.

சில: “சில தேங்காய் அழுகல்” என்று கடைக்காரர் சொன்னால், மிச்சம் நல்லது என்று எடுத்துக் கொள்கிறோம். தேர்வில் அது கூடாது. அங்கே ‘சில’ என்றால் ‘குறைந்தது ஒன்று’. அத்தனையும் அழுகலாகவும் இருக்கலாம். அதனால்தான் “எல்லா மட்டியும் வாழைப்பழம்” என்று கொடுத்திருந்தால், “சில மட்டி வாழைப்பழம்” என்ற முடிவும் சரியாகிறது.

சில மட்டுமே: ‘மட்டுமே’ சேர்ந்தால் கதை வேறு. “சில தேங்காய் மட்டுமே அழுகல்” என்றால் சில அழுகல், சில அழுகல் இல்லை. இரண்டும் உறுதி.

எதுவுமில்லை: “மட்டி எதுவும் ஏத்தன் அல்ல” என்றால், “ஏத்தன் எதுவும் மட்டி அல்ல.” தாராளமாகத் திருப்பலாம்.

பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று 2021-ல் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் தமிழில் ஒரு பொடி உண்டு. “கல்யாணத்துக்கு எல்லாரும் வரல்ல மைனி” என்றால் ஒருவருமே வரவில்லையா, சிலர் வந்தார்களா? இப்படி ‘எல்லாரும்’ என்ற முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருள் தரும் என்று நன்னூலே சொல்லி வைத்திருக்கிறது. ஆகவே ‘எல்லா’வும் ‘இல்லை’யும் ஒரே வாக்கியத்தில் வந்தால் இரண்டு தடவை படியுங்கள்.

விடையைத் தேடுமுன் வட்டம் போட்டுப் பாருங்கள். கோலம் போடும் கைக்கு இது பெரிய வேலையா? ஒன்றுக்குள் ஒன்றா, ஒன்றை ஒன்று தொடுகிறதா, தள்ளி நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

எங்கே, ஒரு சோதனை: “எல்லாப் பிச்சியும் பூ. சில பூ வெள்ளை. எனவே சில பிச்சி வெள்ளை.” சரியா?

தவறு! அந்த வெள்ளைப் பூ மல்லிகையாக இருந்துவிட்டால்? தோவாளைச் சந்தையில் நாம் கண்ணால் பார்த்த பிச்சி இங்கே சாட்சிக்கு வராது. கொடுத்த வரிகள் மட்டுமே சாட்சி.

“பெண்டுகளுக்குத் தர்க்கம் எதற்கு?” என்று யாராவது கேட்டால், காஞ்சியில் அறவண அடிகளிடம் தர்க்கம் கேட்ட மணிமேகலையை நினைவூட்டுங்கள்!