காற்று எந்தப் பக்கம் போகிறது?

"உம்மா, கொம்பியூட்டர் திரும்பவும் நின்று போச்சு!"

பரீட்சை நெருங்கும் நாளில் பிள்ளை இப்படிக் குரல் கொடுத்தால் எந்தத் தாய்க்கும் பதற்றமாகத்தான் இருக்கும். உடனே புதிய விசிறி வாங்கப் பணம் எடுத்து விடாதீர்கள், சகோதரிகளே! பெட்டியில் இருக்கும் விசிறிகள் சரியான பக்கம் பார்த்துப் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

கணனியின் மூளையான புரொசசர் வேலை செய்யச் செய்யச் சூடாகிறது. சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால் கணனி நின்றுவிடும்.

விசிறி காற்றைக் குளிராக்குவதில்லை; இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். வீட்டில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து வைத்தால்தானே காற்றோட்டம் நன்றாக இருக்கும்? கணனிப் பெட்டியும் அப்படித்தான். முன்பக்க விசிறி அறைக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்பக்க விசிறியும் மேற்பக்க விசிறியும் சூட்டை வெளியே தள்ள வேண்டும். ஒரே ஒரு விசிறிதான் என்றால் அதைப் பின்பக்கத்தில் வெளியே தள்ளும்படி பூட்டுவதே வழக்கம்.

எல்லாம் உள்ளே இழுத்தால் சூட்டுக்கு நேரான வழி கிடைக்காது. எல்லாம் வெளியே தள்ளினால் இண்டு இடுக்கெல்லாம் தூசி உள்ளே வரும். உள்ளே வரும் காற்று சற்றுக் கூடுதலாக இருந்து, முன்பக்கத்தில் தூசி வலையும் இருந்தால் மிக நல்லது.

பக்கத்தை அறிவது எப்படி? விசிறியின் ஒரு பக்கத்தில் இதழ்கள் திறந்தபடி இருக்கும். மறுபக்கத்தில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். பொதுவாகக் காற்று திறந்த பக்கத்தால் நுழைந்து, சட்டங்கள் உள்ள பக்கத்தால் வெளியேறும். சில விசிறிகளின் ஓரத்தில் அம்புக்குறியும் உண்டு. சந்தேகமென்றால், கணனி ஓடும்போது மெல்லிய டிஷ்யூத் துண்டொன்றை வெளியே இருந்து வலைக்கு அருகில் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே போகிறது; விலகிப் பறந்தால் வெளியே வருகிறது.

பிழையாக இருந்தால் கணனியை நிறுத்தி, மின் இணைப்பைக் கழற்றிய பின்பே பெட்டியைத் திறவுங்கள். நான்கு ஆணிகளைக் கழற்றி விசிறியைத் திருப்பிப் பூட்டினால் போதும். வயர்களை மாற்றிக் கொடுத்துத் திசையை மாற்ற முயல வேண்டாம், விசிறி பழுதாகலாம்.

சுவரோடு ஒட்டியோ மூடிய அலுமாரிக்குள்ளோ பெட்டியை வைத்தால் இந்த வேலையெல்லாம் வீண். காற்றுக்கு இடம் விடுங்கள். படிந்த தூசியையும் அவ்வப்போது துடையுங்கள். இவ்வளவும் செய்தும் கணனி நின்றால் மட்டும் திருத்துபவரிடம் கொண்டு போங்கள். அப்போது, விசிறிகளைச் சரிபார்த்தாயிற்று என்று நீங்களே அவரிடம் சொல்லலாம்!