எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போறீங்களா? மானியம் வேற, வரி விலக்கு வேற!

ஷோரூமில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் விலையைக் கேட்டால், “சப்சிடி இருக்கு, ரோடு டாக்ஸ் கிடையாது” என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். ரெண்டும் நமக்கு மிச்சம்தானே என்று தலையாட்டிடுவோம். ஆனால், ரெண்டும் ஒண்ணு இல்லை.

மானியம் என்பது உங்கள் வண்டிக்காக அரசு தன் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிற பணம். வரி விலக்கு என்பது உங்களிடம் வாங்க வேண்டிய பணத்தை வாங்காமல் விடுவது.

குறைந்துகொண்டே வரும் மானியம்

மத்திய அரசின் மானியம் பேட்டரியின் அளவைப் பொறுத்தது. ‘ஃபேம் 2’ திட்டத்தில், 2021 ஜூன் முதல் ஸ்கூட்டர் விலையில் 40% வரை கிடைத்தது. 2023 ஜூனில் அந்த உச்சவரம்பு 15% ஆனது. 2024 அக்டோபரில் வந்த ‘பி.எம் இ-டிரைவ்’ திட்டத்தில் ஒரு ஸ்கூட்டருக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். 2025 ஏப்ரலில் அது 5,000 ரூபாயாகக் குறைந்தது. நண்பர் அன்னிக்கு வாங்கின விலையை நம்பி பட்ஜெட் போட்டால், துண்டு விழும்!

விலை ஏற ஏற வளரும் விலக்கு

எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி 5% மட்டுமே. தமிழ்நாட்டில் 2020 முதல் சாலை வரியிலும் 100% விலக்கு தரப்படுகிறது.

இங்கேதான் கணக்கைக் கவனிக்கணும். ஒரு லட்ச ரூபாய் பெட்ரோல் ஸ்கூட்டருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 10%. 15 லட்ச ரூபாய் காருக்கு 18%. அதே விலையில் எலெக்ட்ரிக் வண்டி எடுத்தால், ஸ்கூட்டர்காரருக்கு மிச்சம் 10,000 ரூபாய். கார்காரருக்கோ 2,70,000 ரூபாய்!

மானியம் இதற்கு நேர்மாறு. பி.எம் இ-டிரைவில் சொந்த உபயோகக் கார்களுக்கு மானியமே இல்லை. ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் தரப்பட்டது. ஆக, மானியம் சுருங்கி விலக்கு மட்டும் நீடித்தால், இ.எம்.ஐ போட்டு ஸ்கூட்டர் வாங்குபவரைவிட, கார் வாங்குபவருக்குத்தான் அரசின் கை அதிகம் நீளும்.

புக் பண்ணும் முன்...

* ஷோரூம் சொல்லும் விலை மானியம் கழித்ததா, கழிக்காததா? பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

* மானியத்துக்கும் விலக்குக்கும் கடைசித் தேதி உண்டு. டெலிவரி தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். சாலை வரி, பதிவு செய்யும்போதுதான் கட்டப்படும். புக் பண்ணும்போது அல்ல.

* மானியமே இல்லாவிட்டாலும் இந்த வண்டி கட்டுப்படியாகுமா? ‘ஆகும்’ என்றால் தைரியமா வாங்குங்க!