கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்? ஜிஎல்-4, ஜிஎல்-5 குழப்பம்

போன எபிசோடில் என்ஜின் ஆயில் பற்றிப் பேசினோம். அதற்கு வந்த வாய்ஸ் நோட்டுகளில் ஒன்றைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். பேசியவருக்கு அது முதல் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹேட்ச்பேக், ஐந்து கியர் மேனுவல். வாங்கிய கையோடு எல்லா ஆயிலையும் மாற்றிவிடலாம்னு சர்வீஸுக்கு விட்டிருக்கிறார். அன்றிலிருந்து இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் 'கர்ர்'னு ஒரு சத்தம். ஷெட்டில் காட்டினால், "சிங்க்ரோ போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்கிறார்களாம். "அவங்க சொல்ற செலவைக் கேட்டா வண்டியையே வித்துடலாம்னு தோணுது. என்ன பண்ணட்டும்?" என்பது அவருடைய கேள்வி.

சர்வீஸ் பில்லையும் அனுப்பியிருந்தார், நல்லவேளை. கியர் ஆயில் என்ற இடத்தில் 80டபிள்யூ-90, ஜிஎல்-5 என்று இருந்தது. அவருடைய வண்டிக் கையேட்டில் போட்டிருப்பது 75டபிள்யூ-80, ஜிஎல்-4. அதனால் என் முதல் பதில் இதுதான்: இப்போதைக்கு எதையும் இறக்காதீங்க, விற்கவும் வேண்டாம். சரியான ஆயிலை ஊற்றி ஓட்டிப் பாருங்க. ஏன் அப்படிச் சொல்றேன்னு விளக்கத்தான் இந்த எபிசோடு.

ஆயில்னா வழவழப்பு. இரண்டு இரும்பு உரசாமல் பார்த்துக்கொள்ளும். அப்படின்னா எவ்வளவு வழுக்குதோ அவ்வளவு நல்லதுதானே? என்ஜினுக்கு இது கிட்டத்தட்ட சரி. மேனுவல் கியர்பாக்ஸில்தான் சிக்கல். அதற்குள் உரசியே ஆக வேண்டிய ஒரு பாகம் இருக்கிறது. அதுதான் சிங்க்ரோ ரிங்.

ஸ்டாப்பை விட்டுக் கிளம்பிவிட்ட டவுன் பஸ்ஸில் ஓடிப்போய் ஏறுகிறவரைப் பார்த்திருப்பீங்க. நின்ற இடத்திலிருந்து அப்படியே கம்பியைப் பிடித்தால் கை கழன்றுவிடும். அதனால் பஸ்ஸோடு நாலு அடி ஓடுவார், வேகம் ஒன்றானதும் படியில் கால் வைப்பார். (நீங்க யாரும் இதைச் செய்ய வேண்டாம்.) நீங்கள் கிளட்சை மிதித்து இரண்டாவது கியருக்குத் தள்ளும்போது உள்ளே நடப்பதும் இதேதான். சக்கரத்தோடு இணைந்த ஷாஃப்ட் ஒரு வேகத்தில் சுற்றுகிறது. அதோடு போய்ச் சேர வேண்டிய பல்சக்கரம் வேறு வேகத்தில் சுற்றுகிறது. நடுவில் ஒரு கூம்பு வடிவ வளையம், பெரும்பாலும் பித்தளையில் செய்தது. அது பல்சக்கரத்தின் கூம்பு மேல் அழுந்தி உரசி, இரண்டு வேகத்தையும் ஒன்றாக்குகிறது. அதற்குப் பிறகுதான் பல்லோடு பல் சேரும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

1928-இல் காடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு வந்தது. அதற்கு முன் ஓட்டியவர்கள் கிளட்சை இரண்டு முறை மிதித்து, ஆக்ஸிலரேட்டரில் வேகத்தைச் சமன்படுத்தித்தான் கியர் மாற்றினார்கள். பழைய லாரி டிரைவர்களிடம் 'டபுள் கிளட்ச்'னு கேட்டுப் பாருங்க, கதை கதையாகச் சொல்வார்கள்.

பஸ்ஸுக்கே வருவோம். ஓடுகிறவர் சேறு படிந்த ரப்பர் செருப்போடு ஓடினால்? கால் வழுக்கும், வேகம் எடுக்க முடியாது, படியில் முட்டிக்கொள்வார். அளவுக்கு மீறி வழுக்குகிற ஆயிலில் சிங்க்ரோ ரிங்குக்கும் அதே கதி. உரச வேண்டிய நேரத்தில் வழுக்குகிறது, வேகம் ஒன்றாவதற்கு முன்பே நம் கை தள்ளிவிடுகிறது. அந்தக் 'கர்ர்' இப்படித்தான் வருகிறது. ஆக, இந்த ஆயிலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. பற்களுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு கொடுக்கணும், சிங்க்ரோவுக்குப் பிடிமானம் விட்டுவைக்கணும்.

ஜிஎல் எண்களுக்கு வருகிறேன். இது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் கொடுத்த வகைப்பாடு. ஒன்றிலிருந்து ஆறு வரை இருந்தது. கார்களைப் பொறுத்தவரை இன்றைக்குப் புழக்கத்தில் இருப்பவை ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டும்தான். போனில் 4ஜி போய் 5ஜி வந்தது மாதிரி, 4-ஐ விட 5 புதுசு, உசத்தின்னு எல்லாரும் நினைக்கிறோம். கடைக்காரர்களே "இது அதைவிட ஹை கிரேடு சார்" என்று எடுத்துக் கொடுப்பார்கள். என்ஜின் ஆயிலில் எஸ்என், எஸ்பி என்று வரிசையாகப் புதுசு வந்து பழசின் இடத்தைப் பிடிக்கும். அதே பழக்கத்தில் இதையும் பார்க்கிறோம். ஆனா இது ஏணி இல்லை. வேறு வேறு வேலைக்கான இரண்டு ஆயில்கள், அவ்வளவுதான்.

ஜிஎல்-5 எதற்குன்னா, பின்சக்கரத்தில் ஓடும் வண்டிகளின் டிஃபரன்ஷியலுக்கு. பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி வண்டிகளில் பின் அச்சின் நடுவே ஒரு குடம் தொங்குமே, அது. அதற்குள் இருக்கும் கிரவுன் வீலும் பினியனும் ஹைப்பாய்ட் வகைப் பற்கள். பற்கள் உருள்வதோடு நிற்பதில்லை, ஒன்றன் மேல் ஒன்று பயங்கர அழுத்தத்தில் சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ரசாயனங்களை நிறையக் கலக்கிறார்கள். சூடு ஏறும் இடத்தில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலமாகப் படியும். தேய்வது அந்தப் படலம், பல் தப்பிக்கும். கியர் ஆயில் மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வருவதும் இந்தக் கந்தகத்தால்தான். சட்டையில் பட்டால் இரண்டு துவையல் தாங்கும்.

ஜிஎல்-4-இலும் இதே சங்கதி உண்டு, அளவு ஏறக்குறைய பாதி. என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் முன்சக்கர வண்டிகளில், நம்ம ஊர் ஹேட்ச்பேக்குகள் எல்லாமே கிட்டத்தட்ட இந்த வகைதான், கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அங்கே ஹைப்பாய்ட் பற்களே கிடையாது, சாய்வெட்டுப் பற்கள்தான். ஜிஎல்-5 எந்த ஆபத்திலிருந்து காப்பாற்ற வந்ததோ, அந்த ஆபத்தே இந்தப் பெட்டியில் இல்லை. லாபம் இல்லை, சிங்க்ரோவுக்கு நஷ்டம் மட்டும் உண்டு.

"ஜிஎல்-5 பித்தளையை அரித்துத் தின்றுவிடும்" என்று ஒரு பயமுறுத்தல் சுற்றுகிறது. அதில் பாதி உண்மை. வீரியமான கந்தகம் செம்பு கலந்த உலோகத்தைத் தாக்கும், அந்தக் காலத்து ஆயில்களில் இது பெரிய பிரச்சினை. இன்றைய ஆயில்களில் அதைத் தடுக்கவும் ரசாயனம் சேர்க்கிறார்கள். ஒருமுறை தப்பாக ஊற்றிவிட்டார்கள் என்பதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். என்னைக் கேட்டால் அரிப்பைவிட அந்த வழுக்கல்தான் அன்றாடத் தொல்லை. டப்பாவில் 'ஜிஎல்-4/ஜிஎல்-5' என்று இரண்டையும் போட்டு விற்பதும் உண்டு. கையேடு ஜிஎல்-4 கேட்டால், அது மட்டும் எழுதிய டப்பாவைத்தான் நான் வாங்குவேன்.

அடுத்தது கெட்டி. 75டபிள்யூ-80, 80டபிள்யூ-90 என்ற எண்களைப் பார்த்து, "என்ஜினுக்கே 40தான், இது 90ஆ?"ன்னு மிரள வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவுகோல். சட்டை சைஸ் 40, செருப்பு சைஸ் 8 என்றால் காலைவிடச் சட்டை ஐந்து மடங்கு பெரிசுன்னு அர்த்தமா என்ன? கியர் ஆயிலில் 90 என்பது, சூடான நிலையில், என்ஜின் ஆயிலின் 40, 50-க்குப் பக்கத்தில் வரும். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. 75டபிள்யூவுக்கு மைனஸ் 40 டிகிரியில் சோதனை, 80டபிள்யூவுக்கு மைனஸ் 26.

சென்னையில் எதுக்குங்க மைனஸ் 40 என்று கேட்பீர்கள். மெக்கானிக் அண்ணன்களும் அதைத்தான் சொல்வார்கள்: "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனா சிங்க்ரோ ரிங்குக்கும் கூம்புக்கும் நடுவே இருக்கும் ஆயில் பிதுங்கி வெளியே போனால்தான் உரசலே தொடங்கும். அதற்கென்றே ரிங்கில் நுணுக்கமான பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளம் ஒரு கணக்கான கெட்டிக்கு வெட்டியது. கெட்டி கூடினால் பிதுங்க நேரம் எடுக்கும், கியர் முரண்டு பிடிக்கும். காலையில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு நன்றாகத் தெரியும், ஊட்டியில் இன்னும் தெரியும். இன்னொன்று, பழைய கார் வாங்கப் போகிறவர்கள் காதைக் கொடுங்க. தேய்ந்த பேரிங்கின் ஊளைச் சத்தத்தைக் கெட்டி ஆயில் அமுக்கிவிடும். சத்தமே இல்லாமல், ஆனா கியர் மட்டும் கல்லு மாதிரி விழுந்தால், பெட்டிக்குள் என்ன ஆயில்னு கேளுங்க.

இவ்வளவு சொன்னதால் எல்லா மேனுவல் காருக்கும் ஜிஎல்-4ன்னு முடிவு கட்டிடாதீங்க. சுபாரு கார்களில் முன் டிஃபரன்ஷியல் ஹைப்பாய்ட் வகை, அதுவும் கியர்பாக்ஸோடு ஒரே ஆயிலில் முங்கியிருக்கும். அதனால் அங்கே ஜிஎல்-5தான் கேட்பார்கள், சிங்க்ரோவையும் அதற்கு ஏற்றபடி வடிவமைத்திருப்பார்கள். ஃபோர்டு மஸ்டாங்கில் வந்த போர்க்வார்னர் டி-5 மேனுவல் பெட்டியில் ஓடியது ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் வண்டிகளின் ஆயில். 1959-இல் வந்த மினி காரில் கியர்பாக்ஸ் என்ஜினுக்கு அடியிலேயே இருந்ததால் இரண்டுக்கும் என்ஜின் ஆயில்தான். நம்ம பைக்குகளிலும் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான். பைக்கில் சிங்க்ரோ ரிங்கே இல்லை, அதனால் அங்கே இந்தப் பஞ்சாயத்தும் இல்லை. வண்டியைச் செய்தவர் எந்த ஆயிலை மனதில் வைத்துச் செய்தார் என்பது அந்த வண்டியின் கையேட்டில் மட்டும்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடல் காரில்கூட வருஷம் மாறினால் ஆயில் மாறலாம்.

நிறையப் பேர் கோட்டை விடும் இடம் ஏஎம்டி. 2014-இல் செலேரியோ வந்ததிலிருந்து ஊரெல்லாம் இருக்கிறது. கிளட்ச் பெடல் இல்லை, எனவே ஆட்டோமேட்டிக் என்று நினைத்து ஏடிஎஃப் வாங்கிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது அதே மேனுவல் பெட்டி, அதே சிங்க்ரோ. நம் கைக்கும் காலுக்கும் பதிலாக ஒரு கருவி கியர் மாற்றுகிறது, அவ்வளவுதான். பெட்டிக்கு மேனுவல் கியர் ஆயில்தான். அந்தக் கருவிக்குத் தனியாக ஒரு ஹைட்ராலிக் ஆயில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வாய்ஸ் நோட் அனுப்பியவருக்கு இன்னும் கொஞ்சம். ஆயிலை மாற்றும் முன், வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடிக்கச் சொல்லுங்க, அப்போதுதான் முழுசாக இறங்கும். எப்படியும் சிறிதளவு பழசு உள்ளே தங்கும், அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்க. வடிந்த ஆயிலில் சாம்பல் நிறத்தில் விழுது மாதிரி இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். மஞ்சளாக மினுமினுத்தால் பித்தளை உதிர்கிறது என்று அர்த்தம், அந்த ரிங்கை எந்த ஆயிலும் திரும்ப முளைக்க வைக்காது. உங்களுக்கு இரண்டாவதில் மட்டும் சத்தம் என்பதால் சிங்க்ரோவைச் சந்தேகப்படுவது நியாயம். எல்லா கியரிலும் கறகறத்தால் முதலில் கிளட்ச் முழுசாக விடுபடுகிறதான்னு பார்க்கணும், அதற்குக் கியர்பாக்ஸைப் பிரிக்கத் தேவையில்லை.

மழைக்காலத்துக்கு ஒன்று. கியர்பாக்ஸுக்கு மூச்சுக்குழாய் உண்டு. ஓடிச் சூடான பெட்டி முழங்கால் தண்ணீரில் நின்றால், உள்ளே காற்று சுருங்கி அந்தக் குழாய் வழியே தண்ணீரை இழுக்கும். 2015 டிசம்பரிலும் 2023 மிச்சாங் புயலிலும் வண்டியைத் தண்ணீரில் விட்டவர்கள் என்ஜினைத்தான் பார்த்தார்கள், கியர்பாக்ஸை மறந்தார்கள். ஆயில் டீ நிறத்துக்கு வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மாற்றுங்க.

கடைசியாக, ஷெட்டில் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தால் ஒன்று சொல்லுங்க: ஆயில் ஊற்றும் நட்டை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு, பிறகு அடியில் வடிக்கும் நட்டைக் கழற்றட்டும். எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் நட்டு துருப்பிடித்து வரமாட்டேன் என்றால், ஆயில் இல்லாத வண்டியை எங்கேயும் ஓட்டிப் போக முடியாது, டோ வண்டிதான் வரணும். பெரும்பாலான கார்களில் ஊற்றும் துளைதான் அளவுத் துளையும். வண்டி சமதளத்தில் நிற்க, துளையின் விளிம்பில் ஆயில் சொட்டத் தொடங்கினால் போதும்.

அடுத்த வாரம் பிரேக் ஆயில். உங்க வாய்ஸ் நோட்டுகளை அனுப்புங்க, பில் போட்டோ இருந்தால் அதையும் சேர்த்து.