மெய்யும் மெய்யியலும்

'மெய்' என்னும் தமிழ்ச் சொல் உடம்பையும் உண்மையையும் ஒருங்கே சுட்டுவது. உடம்பைப் பேணும் கல்வியை உடற்கல்வி என்கிறோம். உண்மையை ஆராயும் கல்வியை மெய்யியல் என்கிறோம். ஒரு சொல்லிற் குடியிருந்த இவ்விரண்டையும் நம் கல்வி முறை இரு வேறு இல்லங்களிற் குடியேற்றிவிட்டது.

கல்முனையில் பயிலும் மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். சாதாரண தரத்தில் அவன் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்னும் பாடத்தைத் தெரிந்தெடுக்கலாம். உயர்தரக் கலைப்பிரிவில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' கற்கலாம். முன்னது கற்றவனைப் பின்னது கற்கவும், பின்னது கற்றவனை மைதானத்துக்கு வரவும் அழைப்பார் எவருமிலர். ஆதலின் உடற்கல்வி என்றால் ஊதுகுழலும் பதக்கமும் என்றும், மெய்யியல் என்றால் குறிப்பேடும் பரீட்சையும் என்றும் எண்ணும் வழக்கம் வேரூன்றிவிட்டது.

முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். உடற்பயிற்சியும் இசை முதலிய கலைகளும் ஆகிய இரண்டும் ஆன்மாவைச் செம்மைப்படுத்தவே ஏற்பட்டன என்று பிளேட்டோ தமது 'குடியரசு' நூலில் வாதிட்டார். பயிற்சி ஒன்றையே மேற்கொள்பவன் கரடுமுரடாவான். கலை ஒன்றிலேயே திளைப்பவன் தளர்ந்து குழைவான் என்பது அவர் கருத்து. இஸ்லாமிய உலகின் பெரும் மெய்யியலாளரான இப்னு சீனா (980–1037) மருத்துவமேதையும் ஆவார். அவரது 'அல்-கானூன்' உடல்நலம் பேணும் வழிகளுள் உடற்பயிற்சிக்கு முதன்மையான இடந் தருகின்றது. மற்போர், ஓட்டம், விரைநடை, வில்வித்தை, ஊஞ்சலாடல், ஓடத்திற் செல்லல் எனப் பலவற்றை அவர் வகுத்துரைக்கின்றார். மேனியின் நிறத்தையும் அசைவின் இலகுவையும் நோக்கிப் பயிற்சியின் அளவை அறிய வேண்டும் என்கின்றார்.

அவர் கூறும் பிரிவொன்று நம் கரையோரத்துக்கு மிகவும் பொருந்துவது. தொழிலோடு தானே வந்துசேரும் பயிற்சி ஒருவகை. பயிற்சிக்காகவே செய்யும் பயிற்சி மற்றொரு வகை. கரைவலை இழுப்பவர்க்கும், வயலில் உழைப்பவர்க்கும், மருதமுனையில் கைத்தறி நெய்பவர்க்கும் முதல்வகை வாய்த்திருக்கின்றது. அவர்தம் பிள்ளைகள் கற்று ஆசிரியராகவும் எழுதுநராகவும் நாற்காலியில் அமரும்போது அது கைநழுவுகின்றது. இரண்டாம் வகையோ கைவரவில்லை. அவ்விடைவெளியிலேதான் நீரிழிவும் இரத்த அழுத்தமும் புகுகின்றன. கற்றதன் பயனாக உடம்பை இழப்பதெனின் அக்கல்வி குறையுடையதன்றோ?

இக்குறையை நீக்க உடற்பயிற்சிக்குத் தலைமை தாங்கவல்லார் வேண்டும். தசைகளின் பெயரறிந்தால் மட்டும் ஒருவர் தலைவராகிவிடார். முதியவர்க்கு எவ்வளவு, நோயுற்றவர்க்கு எவ்வளவு என்னும் அளவையறிவு வேண்டும். பெண்கள் தமக்குரிய இடத்தில் மரியாதை குன்றாது பயில வழிசெய்யும் நீதியறிவு வேண்டும். வெற்றி எதற்காக, வலிமை யாருக்காக என்னும் வினாக்களைக் கேட்கும் துணிவும் வேண்டும். இவை மெய்யியல் வினாக்களே.

இவ்விணைப்பு நமக்குப் புதிதன்று. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்கள் போற்றிவந்த சீனடி, சிலம்படி ஆகிய கலைகளில் அடவும் அடக்கமும் ஒன்றாகவே பயிலப்படும். கம்பைச் சுழற்றுமுன் ஆசானை வணங்குவதும், கற்றதை வைத்து வலியச் சண்டைக்குப் போகாதிருப்பதும் பாடத்தின் புறத்தே நிற்பனவல்ல, அவையும் பாடமே.

உடற்கல்வியை உயர்கல்வியாக்கும் முயற்சி சென்னையில் 1920ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, உடல், உள்ளம், ஆன்மா மூன்றையும் இணைக்கும் கொள்கையைத் தாங்கி எழுந்தது. நம் நாட்டில் சபரகமுவப் பல்கலைக்கழகம் உடற்கல்விக்குப் பட்டம் வழங்குகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் தனித்துறையாக விளங்குகின்றது. ஒன்று பெலிகுல்லோயாவில், மற்றொன்று திருநெல்வேலியில். இரண்டையும் ஒருசேர நாடும் கல்முனை மாணவன் எங்கே செல்வான்?

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தோன்றி மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் உள்ளது. கடலும் வயலும் சிலம்ப ஆசான்களும் அருகிருக்கும் அவ்விடம் இத்தகைய இணைப் பாடநெறிக்கு மிகத் தக்கது. காலையில் மைதானம், நண்பகலில் உடலியல், மாலையில் இப்னு சீனாவும் பிளேட்டோவும் என அமையும் ஈராண்டு டிப்ளோமா ஒன்று போதும். ஊர்ச் சிலம்ப ஆசான்களை வருகைதரு விரிவுரையாளராக அழைத்தல் அதற்குத் தனிச் சிறப்பளிக்கும்.

1942இல் உணவுற்பத்திப் பணிக்கெனக் கல்முனைக்கு வந்த அரசாங்க அதிகாரி ஏ. எம். ஏ. அஸீஸ், இங்கேயே முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் தோற்றுவித்தார். வயிற்றுக்கு உணவு தேட வந்தவர் அறிவின் பசியையும் கண்டுகொண்டார். அன்று அறிவின் பசி தீர்க்கப் பள்ளிகளை நாடிய இக்கரையோரம், இன்று அறிவு பெற்றார்தம் உடம்பையும் காக்க வேண்டிய நிலையில் நிற்கின்றது. சிலம்ப ஆசான்கள் மூப்படைந்து வருகின்றனர். அவர்களிடம் கற்பதற்குரிய காலம் நெடிதன்று. அக்காலம் கடக்குமுன் கல்லூரிகள் கதவைத் திறத்தல் வேண்டும்.